விருந்தினருக்கு வைஃபை: சொல்லிவிடலாமா, ஸ்கேன் செய்யச் சொல்லலாமா, தொட்டால் போதுமா?

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் பல வீடுகளில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று இன்னொரு கூட்டம் வரும். செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, நலம் விசாரித்து முடித்ததும் அடுத்து வருவது, "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்ற கேள்விதான்.

இதற்குப் பதில் சொல்லப் பல வழிகள் இருக்கின்றன. வாயால் சொல்லலாம். க்யூஆர் அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி ஸ்கேன் செய்யச் சொல்லலாம். என்எஃப்சி டேக் என்ற சின்ன ஸ்டிக்கரும் இப்போது ஆன்லைன் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. அதில் போனைத் தொட்டால் போதும், வைஃபை இணைந்துவிடும் என்கிறார்கள். பத்து ஸ்டிக்கர் சில நூறு ரூபாய்தான் என்பதால் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள்.

அழகாபுரத்தில் எங்கள் வீட்டிலும், ஏற்காட்டில் என் சித்தப்பா விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வீட்டிலும் இந்த மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அதை வைத்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீடுகளுக்கு க்யூஆர் அட்டைதான் முதல் தேர்வு. என்எஃப்சி டேக் நல்ல பொருள்தான், சில இடங்களில் க்யூஆரைவிட மேலானதும்கூட. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. இரண்டையும் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாதவர்கள் டேக் வாங்கவே வேண்டாம் என்பேன்.

முதலில் தனி நெட்வொர்க்

விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்குவதுதான் அந்த வேலை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கெஸ்ட் நெட்வொர்க் என்றே ஒரு பகுதி இருக்கும். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம் என்றால் இரண்டாவது எஸ்எஸ்ஐடி, அதாவது இரண்டாவது நெட்வொர்க் பெயர், என்று இருக்கலாம். அந்தப் பக்கத்துக்குள் போக முடியவில்லை என்றால் இணைப்புக் கொடுத்தவர்களையே கூப்பிட்டு அமைத்துத் தரச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நம் ஊரில் ஃபைபர் இணைப்புப் போட வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரரின் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போவார்கள். இல்லை என்றால் பெயரும் அதன் பின்னால் 123-ம். வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த ஒரே நெட்வொர்க்கில்தான் வாசல் கேமரா, டிவி, பிரிண்டர், பிள்ளைகளின் லேப்டாப் எல்லாம் இருக்கின்றன. வந்து போன ஒவ்வொருவரின் போனிலும் அந்த பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கும். நாம் அதை மாற்றும் வரை, அவர்கள் தெருவில் போனாலே போன் தானாக இணைந்துகொள்ளும்.

தனி நெட்வொர்க்கை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்து அமைத்திருந்தால் விருந்தினர் போனுக்கு இணையம் மட்டும் கிடைக்கும், நம் வீட்டுக் கருவிகள் அதன் கண்ணில் படாது. கிளையன்ட் ஐசோலேஷன் அல்லது ஏபி ஐசோலேஷன் என்ற ஒரு விருப்பம் பல ரவுட்டர்களில் உண்டு. அதையும் போட்டுவிட்டால் ஒரு விருந்தினரின் போன் இன்னொரு விருந்தினரின் போனோடும் பேச முடியாது. மூன்று குடும்பம் ஒரே நேரத்தில் தங்கும் ஏற்காட்டு வீட்டுக்கு இது மிகவும் தேவை. இதில் ஒரு சிறு குறை உண்டு. தங்க வந்தவர் தன் போனில் இருக்கும் படத்தை நம் டிவியில் போட்டுக் காட்ட நினைத்தால் முடியாது, ஏனென்றால் டிவி வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது. வாடகைக்கு விடும் வீட்டில் டிவியையும் கெஸ்ட் நெட்வொர்க்கிலேயே இணைத்து, அந்த ஐசோலேஷனை மட்டும் எடுத்துவிடுவதா என்று வீட்டுக்காரர் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் எடுக்க வேண்டாம் என்பேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விட்டுவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பில்லாமல் இருந்த ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அதற்குச் சம்பந்தமே இல்லாத அந்த வீட்டுக்காரர்தான் முதலில் விசாரணைக்கு ஆளானார். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் முதல் கேள்வி வந்து நிற்கும். விருந்தோம்பலுக்காகக் கதவைத் திறந்து வைக்கலாம், வைஃபையை வைக்கக் கூடாது.

வாயால் சொல்வது

பழைய வழி. இன்றும் பல வீடுகளில் இதுதான். ஒருவர் இருவர் வரும் வீட்டுக்கு இதில் தப்பொன்றும் இல்லை. சிக்கல் எல்லாம் எழுத்துக் கூட்டுவதில்தான். கேப்பிடல் ஏ-வா சின்ன ஏ-வா, ஓ-வா ஜீரோவா என்று ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் பாஸ்வேர்டாக வைத்திருந்தால் இன்னும் மோசம். வாழைத்தோப்பு என்பதை நாலு பேர் நாலு விதமாக அடிப்பார்கள்.

தட்டித் தட்டித் தோற்றுப்போன பிறகு, சரி எளிதாக வைத்துவிடுவோம் என்று எல்லோரும் 11111111 என்பதற்கு இறங்குகிறார்கள். இந்த வழியின் உண்மையான கெடுதல் அதுதான். வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். வாயால் சொல்ல வேண்டியிருக்கும் வரை யாரும் 8-ஐத் தாண்ட மாட்டார்கள். க்யூஆரோ டேக்கோ வந்துவிட்டால் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் வருகிறவருக்குக் கஷ்டம் இல்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் இந்த இரண்டும் நமக்குத் தரும் பெரிய லாபம் இதுவே.

க்யூஆர் அட்டை

ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது க்யூஆர். 2016-இல் யுபிஐ வந்த பிறகு பூக்காரம்மா கடை முதல் தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டி வரை சேலத்தில் அது இல்லாத இடமே இல்லை. வைஃபைக்கும் அதே கட்டம்தான். நெட்வொர்க்கின் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எழுத்தாக அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமராவே அதைப் படித்து 'இணையவா?' என்று கேட்கும். ஆண்ட்ராய்டில் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் வைஃபை செட்டிங்ஸிலேயே ஸ்கேனர் உண்டு. அதற்கு முந்தைய போன்களில் கூகுள் லென்ஸ் உதவும். ஆக, வீட்டுக்கு வருகிற எந்த ஸ்மார்ட்போனிலும் ஏதோ ஒரு வழியில் இது வேலை செய்துவிடும். வேறு எந்த முறைக்கும் இந்தப் பலம் இல்லை.

உருவாக்குவதும் எளிது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைஃபை செட்டிங்ஸில் நாம் இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டு, பகிர் என்று கொடுத்தால் க்யூஆர் திரையில் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். ஐபோன்காரர்களுக்கு 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இன் பாஸ்வேர்ட்ஸ் செயலியில் இதே வசதி இருக்கிறது. கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைந்த பிறகு இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு நெட்வொர்க்கின் க்யூஆரைப் பிரிண்ட் போட்டு மாட்டிவிடுவோம்.

இணையத்தில் க்யூஆர் செய்து தரும் தளங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் சில, டைனமிக் க்யூஆர் என்ற பெயரில், வைஃபை விவரத்தைக் கட்டத்துக்குள் வைக்காமல் தங்கள் தளத்தின் முகவரியை வைத்துவிடும். விருந்தினர் ஸ்கேன் செய்தால் போன் அந்த முகவரிக்குப் போகப் பார்க்கும். போக வேண்டும் என்றால் இணையம் வேண்டும், அவர் ஸ்கேன் செய்வதே இணையம் இல்லாததால்தான். சேலத்தில் மொபைல் டேட்டாவில் சமாளித்துவிடலாம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் தோட்டத்து வீட்டில் நிற்பவரால் முடியாது. நம் வீட்டு பாஸ்வேர்டை முன்பின் தெரியாத தளத்தில் போய் எழுதுவதும் நல்லதல்ல. போனிலேயே உருவாக்கிக்கொள்வதுதான் சரி.

க்யூஆரின் குறைகளையும் சொல்ல வேண்டும். யுபிஐ பழக்கம் ஒரு பக்கம் உதவி, இன்னொரு பக்கம் குழப்பம். கட்டத்தைப் பார்த்ததும் பலர் பணம் அனுப்பும் செயலியைத்தான் திறக்கிறார்கள். அது ஏற்காது. "இது வேலை செய்யலையே" என்பார்கள். பெரியவர்கள் சிலர் பணம் போய்விடுமோ என்று பயந்து ஸ்கேன் செய்யவே மாட்டார்கள். அட்டையில் 'வைஃபைக்கு மட்டும், கேமராவைத் திறந்து காட்டவும்' என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்புறம் மலையின் ஈரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். லேமினேஷன் ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் போய், இங்க்ஜெட் பிரிண்ட் கலங்கிவிடும். லேசர் பிரிண்ட் எடுப்பது நல்லது. க்யூஆர் செய்யும்போது பிழை திருத்த அளவு என்று ஒன்று கேட்டால் மிக உயர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்தில் சுமார் 30 சதவீதம் வரை பழுதானாலும் படிக்கும்படி அது எழுதப்படும். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமரா தடுமாறும். விளக்குக்கு நேர் எதிரே மாட்டாமல் இருந்தால் போதும்.

என்எஃப்சி டேக்

நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்றும் சேர்ந்து 2004-இல் என்எஃப்சி ஃபோரத்தைத் தொடங்கின. 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் மட்டும் பேசும் தொழில்நுட்பம் இது. டேக்குக்குள் பேட்டரி கிடையாது. சுருள் போன்ற ஒரு ஆன்டெனாவும் மணல் அளவு சிப்பும்தான். போன் பக்கத்தில் வரும்போது போனின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன்னிடம் எழுதியிருப்பதைச் சொல்லும். அதனால் கரண்ட் இல்லாவிட்டாலும் அது சொல்வதைச் சொல்லும். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் போட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம், மலையில் அது இல்லாமல் சரிப்படாது.

கடைகளில் பரவலாகக் கிடைப்பது என்எக்ஸ்பி நிறுவனத்தின் என்டேக்213, 215, 216 வகைகள். முறையே 144, 504, 888 பைட் எழுதலாம். வைஃபை விவரத்துக்கு 213 பொதுவாகப் போதும். பெரியதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் தமிழர்கள் கவனிக்க வேண்டும். நெட்வொர்க்கின் பெயர் 32 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வைஃபையின் விதி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் எழுத்துக்கு மூன்று, புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக இன்னும் மும்மூன்று. 'ஏற்காடு' என்று மட்டும் வைத்தால் 21 பைட், நன்றாகப் பொருந்தும். 'ஏற்காடு இல்லம்' என்றால் 40 ஆகிவிடும், ரவுட்டர் ஏற்றுக்கொள்ளாது. தமிழ்ப் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், நம் மலையில் நம் எழுத்து திரையில் வருவது அழகு. ஆனால் சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் தமிழ் எழுத்தையே வாங்காது. முயன்று பார்த்து, முடியாவிட்டால் ஆங்கில எழுத்துக்குப் போங்கள்.

டேக்கின் நல்ல பக்கம் எங்கே தெரிகிறது என்றால், க்யூஆர் தடுமாறும் இடங்களில். இருட்டில் வேலை செய்யும். ஈரம், பனி, மங்கிய பிரிண்ட் எதுவும் பாதிக்காது. கை நடுங்கும் பெரியவர்கள் கேமராவை அசையாமல் பிடிக்கச் சிரமப்படுவார்கள், போனைப் பலகைமேல் வைப்பது அவர்களுக்கு எளிது. கண் தெரியாத விருந்தினருக்கு க்யூஆரைக் குறிபார்ப்பது பெரிய தொல்லை. தொட்டு உணரும்படி ஒரு மரத்துண்டில் டேக்கை ஒட்டி வைத்தால் அவர் யாரையும் கேட்காமல் இணைந்துகொள்வார். இந்த ஒரு காரணத்துக்காகவே விருந்தினரை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் டேக் ஒன்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜன்னல் வழியாகவோ, யாரோ இணையத்தில் போட்ட அறைப் படத்திலிருந்தோ க்யூஆரைப் படித்துவிட முடியும். டேக்கை அப்படிப் படிக்க முடியாது, உள்ளே வந்து தொட்டால்தான் உண்டு.

ஆனால் பாஸ்வேர்டு அதனால் ரகசியமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். டேக்கில் அது மறைகுறி எதுவும் இல்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். டேக் படிக்கும் இலவசச் செயலி ஒன்று இருந்தால் எழுத்துக்கு எழுத்து பார்க்கலாம். செயலி இல்லாவிட்டாலும், இணைந்த ஆண்ட்ராய்டு போன் தானே க்யூஆர் காட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ரகசியம் காப்பதில் க்யூஆருக்கும் டேக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் கெஸ்ட் நெட்வொர்க்கை முதலில் சொன்னேன்.

இப்போது டேக்கின் பெரிய குறைக்கு வருகிறேன். ஐபோன். வைஃபை விவரத்தை டேக்கில் எழுத ஒரு பொது வடிவம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே அதைத் தானாகப் புரிந்துகொண்டு இணையக் கேட்கும். 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் ஐபோன்களும் தனிச் செயலி இல்லாமல் டேக்கைப் படிக்கின்றன. ஆனால் இணைய முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் போன்றவை இருந்தால்தான் அவை திரையில் எதையாவது காட்டும். வைஃபை விவரம் இருந்தால் ஒன்றும் நடக்காது, விருந்தினர் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு "உங்க ஸ்டிக்கர் கெட்டுப்போச்சு" என்பார். ஐபோனின் ஷார்ட்கட்ஸில் டேக்கைத் தொட்டால் இதைச் செய் என்று அமைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அமைக்கலாம், ஆனால் எந்தப் போனில் அமைத்தோமோ அதில் மட்டும்தான் வேலை செய்யும், விருந்தினர் போனில் அல்ல. டேக்கில் இணைய முகவரி எழுதி, அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் காட்டலாம் என்பது இன்னொரு யோசனை. டைனமிக் க்யூஆருக்குச் சொன்ன அதே தடை இங்கேயும் வரும். அதோடு, நம் பாஸ்வேர்டு பொதுவெளியில் ஒரு பக்கத்தில் கிடக்கும்.

பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் குடும்பங்களில் ஐபோன் நிறைய. நம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றில் என்எஃப்சியே கிடையாது. இருக்கிற போன்களிலும் பல நேரம் செட்டிங்ஸில் அணைத்து வைத்திருப்பார்கள், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல். திரை அணைந்தோ பூட்டியோ இருந்தால் ஆண்ட்ராய்டு டேக்கைப் படிக்காது. காரில் மாட்டப் போன் பின்னால் இரும்புத் தகடு ஒட்டியிருந்தாலும் படிக்காது. இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால், வருகிறவர்களில் டேக் உடனே வேலை செய்பவர்கள் சிறுபான்மைதான். அந்தச் சிறுபான்மைக்கு அது மிக அருமையான வசதி. மற்றவர்களுக்கு வேறு வழி கட்டாயம் வேண்டும்.

இரும்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நாம் இருப்பது இரும்பாலை ஊர். நம் வீடுகளில் ஸ்டிக்கர் ஒட்ட முதலில் கண்ணில் படுவது ஃப்ரிட்ஜ் கதவும் பீரோவும்தான். சாதாரண டேக் அங்கே வேலை செய்யாது. போனின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது எதிர்ப்புலம் எழுப்பி டேக்குக்குப் போக வேண்டிய சக்தியைத் தின்றுவிடும். எவர்சில்வர், அலுமினியம் எல்லாமே இப்படித்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் தகடு போட்ட மேசையில் ஒட்டினாலும் கதை அதேதான். உலோகத்தில் ஒட்டுவதற்கென்றே அடியில் ஃபெரைட் அடுக்கு வைத்த டேக் தனியாக விற்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம். மரம், கண்ணாடி, பிளாஸ்டிக், சுவர், கடப்பாக்கல் எதிலும் சாதாரண டேக் நன்றாக வேலை செய்யும். நிலைவாசல் மரத்தின் உள்பக்கம் எனக்குப் பிடித்த இடம். வருகிறவர் கை போகும் உயரத்தில் இருக்கும்.

மற்ற இரண்டு வழிகள்

ரவுட்டரில் இருக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்தி இணைப்பது ஒன்று. இதை மறந்துவிடலாம். ஐபோனில் எப்போதும் இல்லை, ஆண்ட்ராய்டிலும் 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் அது இயங்கிக்கொண்டிருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். என்எஃப்சி டேக்குக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

போனிலிருந்து போனுக்குக் கொடுப்பது இன்னொன்று. ஆண்ட்ராய்டில் நம் திரையில் க்யூஆர் காட்டினால் போதும், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அட்டையும் வேண்டாம், டேக்கும் வேண்டாம். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பதற்கு இருவர் தொடர்புப் பட்டியலிலும் மற்றவர் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்குச் சரி, வாடகைக்குத் தங்க வருபவருக்குச் சரிப்படாது.

எந்த வீட்டுக்கு எது

சேலம் நகரத்துக்குள், குடும்பமாக இருக்கும் சாதாரண வீடு என்றால் கெஸ்ட் நெட்வொர்க்கும் ஹாலில் ஒரு க்யூஆர் அட்டையும் போதும். டேக் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் அடிக்கடி வரும் பெரியவர் யாரிடமாவது என்எஃப்சி உள்ள ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அவருக்காக ஒன்று ஒட்டலாம். அட்டையின் அடியில் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதியும் வையுங்கள். லேப்டாப் கொண்டு வருகிறவருக்கு பெரும்பாலும் க்யூஆரும் உதவாது, டேக்கும் உதவாது, தட்டச்சுதான் செய்ய வேண்டும். வீட்டிலேயே தறியோ பட்டறையோ நடத்துகிறவர்கள், வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதே கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுத்துவிடலாம்.

ஏற்காட்டில் விருந்தினரை வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்த பிறகு எழுந்த தோட்டங்கள் அங்கே. பழைய கட்டடங்களின் கல் சுவர் தடிமன் அதிகம். ஒரு அறையில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அடுத்த அறைக்குப் போவதற்குள் இளைத்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் நன்றாக ஊடுருவும். அதனால் கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-இலும் கட்டாயம் இயக்க வேண்டும். அறைக்கு அறை ரிப்பீட்டர் வைத்து ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் கொடுத்திருந்தால், எந்த அறையில் எது என்ற குழப்பம் விருந்தினருக்கு வரும். அறைக்கொரு க்யூஆர் அட்டை, அந்த அறையின் பெயரோடு, கட்டில் தலைமாட்டுப் பக்கம் வைத்தால் குழப்பம் தீரும். அதே அட்டையின் பின்னால் டேக்கையும் ஒட்டிவிடலாம், காகிதத்தின் வழியே அது நன்றாகவே படிக்கும். சித்தப்பா வீட்டில் இப்படித்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்ய முடிந்தவர் ஸ்கேன் செய்கிறார், தொட முடிந்தவர் தொடுகிறார், இரண்டும் முடியாதவர் கீழே எழுதியிருப்பதைப் பார்த்து அடிக்கிறார். இரவு பதினோரு மணிக்கு மேலேறி வந்து சேர்பவர்கள் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

டேக் எழுதும்போது

ஆண்ட்ராய்டு போனில் டேக் எழுதும் இலவசச் செயலிகள் உண்டு. பதிவு வகையில் வைஃபை நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து டேக்கைத் தொட்டால் முடிந்தது. ஐபோனில் இருக்கும் செயலிகள் வழியாகவும் எழுதலாம். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 என்று இருக்கட்டும். டேக்கில் எழுதும் வடிவம் அந்தக் காலத்தது. கெஸ்ட் நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்திருந்தால் டேக் வழியாக இணையாமல் போகலாம், இரண்டும் கலந்த அமைப்பில் வையுங்கள். பாஸ்வேர்டில் அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி, பின்சாய்கோடு இவற்றைத் தவிர்த்தால் க்யூஆர் பக்கமும் சிக்கல் வராது. சின்ன எழுத்தில், நீளமாக, நாலைந்து வார்த்தை சேர்த்து வைப்பது சிறந்தது.

எழுதி முடித்ததும் செயலி 'பூட்டவா?' என்று கேட்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். பூட்டாத டேக்கை வந்து போகும் யாரும் தன் போனால் அழித்து, வேறு ஏதாவது மோசமான இணைய முகவரியை எழுதிவிட்டுப் போகலாம். அடுத்து வருகிறவர் நம்மை நம்பித் தொடுவார். ஆனால் நிரந்தரமாகப் பூட்டினால் பிறகு நம்மாலும் திறக்க முடியாது, பாஸ்வேர்டை மாற்றும் நாளில் அந்த ஸ்டிக்கர் குப்பைக்குத்தான் போகும். நடுவில் ஒரு வழி உண்டு: என்டேக் வகைகளில் எழுதுவதற்கு மட்டும் தனிக் கடவுச்சொல் வைக்கலாம். படிக்க யாருக்கும் தடை இல்லை, எழுத நமக்கு மட்டும் முடியும். சொந்தக்காரர்கள் மட்டும் வரும் சேலம் வீட்டில் பூட்டாமலே விடலாம். முன்பின் தெரியாதவர்கள் தங்கும் ஏற்காட்டு வீட்டில் இந்தக் கடவுச்சொல் கட்டாயம். அட்டையின் மேல் வேறு க்யூஆர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் அறையைக் கூட்டிப் பெருக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது வீட்டைப் பொறுத்தது. வாடகை வீட்டுக்குக் கோடை சீசன் முடிந்ததும் ஒருமுறை, ஆண்டு இறுதிக் கூட்டம் போனதும் ஒருமுறை மாற்றினால் நல்லது. முதலில் ரவுட்டரில் மாற்றி, நம் போனைப் புதிய பாஸ்வேர்டில் இணைத்து, அந்தப் போனிலிருந்து டேக்குகளை மறுபடி எழுதி, கடைசியாகப் புது க்யூஆர் பிரிண்ட் எடுங்கள். டிவியோ வேறு கருவியோ கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் அதையும் அன்றைக்கே இணைத்துவிட வேண்டும். பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள், இரண்டும் ஒரே அறையில் இருந்தால் விருந்தினர் பழையதைத்தான் முதலில் எடுப்பார்.